நீலக் கோடு போட்ட பெட்டிகள்

கணபதி, கோயம்புத்தூர்
23.3.2025

அன்புள்ள சைத்ரா அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். உங்கள் நலத்தைத் தினமும் போனில் கேட்கிறேன், நீங்களும் "ம்" என்கிறீர்கள், அதனால் இங்கே தனியாக விசாரிக்கவில்லை. நீங்கள் கேட்ட டிப்ளமோ சர்டிபிகேட்டும், நீங்கள் வேலை பார்த்து மூடிப்போன இரும்புப் பவுண்டரியில் கொடுத்த அனுபவச் சான்றும் இந்தக் கவரில் இருக்கின்றன. இரண்டும் ஒரிஜினல், எங்காவது வைத்துவிட்டு என்னிடம் தேடச் சொல்லாதீர்கள். கவரில் இடம் இருந்தது, அதனால் இந்தக் கடிதம். போனில் பேசினால் உங்கள் அறையில் தங்கியிருக்கும் இருவர் காதில் விழும் என்று நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

வீட்டில் நடக்கக்கூட வழியில்லை. பக்கத்து வீட்டு சாஜிதா பேகம் அக்கா அவர் கணவர் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் குவித்திருக்கிறார். எல்லாம் பிஸ்கட் பெட்டி. பாத்திரம் கட்டினால் பாத்திரத்தில் கிரீம் பிஸ்கட் வாசம் அடிக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சைத்ராவுக்கு டிபன் கொடுத்து, பிறகு உட்கார்ந்து பழைய செய்தித்தாளில் டம்ளர் டம்ளராகச் சுற்றுகிறேன். சுற்றியதற்கு மறுநாள் காலையில் அதே டம்ளர் வேண்டியிருக்கிறது.

"வேண்டாததைத் தூக்கிப் போட்டுரு" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எது வேண்டாதது என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் சாக்குமூட்டையை இழுத்துப் பிரித்தேன். உடைந்த பம்ப் இம்பெல்லர், துருப்பிடித்த வால்வு, என்னவென்றே தெரியாத இரும்புத் துண்டுகள். பழைய இரும்புக்காரரைக் கூப்பிடட்டுமா என்றதற்கு, "அய்யய்யோ, அது நான் மொதமொதல்ல ஊத்துன காஸ்டிங்கு, அதப் போயி" என்று பதறினீர்கள். பம்ப் செய்கிற ஊருக்குத்தானே போயிருக்கிறீர்கள், ராஜ்கோட்டில் இரும்புக்கா பஞ்சம்?

வீட்டு ஓனர் பாலகோபால் தினமும் சாயங்காலம் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். "ஏனுங் டீச்சர், சும்மா ஒரு பார்வை பாத்துட்டுப் போயிர்றமுங்க" என்று சொல்லிக்கொண்டே சமையலறை வரைக்கும் வருகிறார்கள். நேற்று ஒரு அம்மாள் நம் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதும் ஊட்டோட வருதுங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

எங்கள் ஹெச்.எம். சிஸ்டர் சூசைமேரியும் கேட்டுவிட்டார். "லோகப்பிரியா டீச்சர், ராஜினாமா லெட்டர எப்பத் தர்றீங்க? ஏப்ரலுக்குள்ள மேனேஜ்மெண்டுக்கு அனுப்போணும்." "தர்றேங்க சிஸ்டர்" என்றேன். எட்டு வருஷம் அரைச் சம்பளத்தில் காத்திருந்து அரசாங்கச் சம்பளத்துக்கு அனுமதி வாங்கிய இடம். இப்போது விட்டால் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்துவிடுவார், பிறகு எனக்குத் திரும்பக் கிடைக்காது. இது உங்களுக்கும் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

சைத்ரா கேட்கிறாள், அங்கே எந்த மொழியில் திட்டுவார்கள் என்று. விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
லோகு


ராஜ்கோட், குஜராத்
30.3.2025

அன்பு லோகு,

சான்றிதழும் கடிதமும் பத்திரமாக வந்தன. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். கணக்கு நோட்டுத் திருத்தியது போல இருக்கிறது, மார்க் போடாததுதான் குறை. அறையில் இருக்கும் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து கடிதம் வருகிறவன் என்று எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது.

கம்பெனி குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்துவிட்டேன். முதல் மாடி, இரண்டு அறை, நல்ல வெளிச்சம். தண்ணீர் கொஞ்சம் உப்பு. நம் சிறுவாணித் தண்ணீரை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவாய், இப்போதே சொல்லிவிடுகிறேன். கேண்டீனில் பருப்புக்குள் வெல்லத்தைப் போடுகிறார்கள். அரிசிம்பருப்புச் சாதத்தை நினைத்தால் கண் கலங்குகிறது அம்மணி. நீங்கள் வந்துவிட்டால் அந்தக் கவலை விட்டது.

பேக்கிங் விஷயம். கிரைண்டரைக் கல்லோடு ஏற்றாதே, கல்லைக் கழற்றித் தனியாகச் சாக்கில் சுற்று. பீரோக் கண்ணாடிக்கு முன்னால் போர்வையைக் கட்டு. மிக்ஸி ஜாருக்குள் காலியாக விடாதே, கரண்டிகளை அதற்குள் போடு. சாமிப் படங்களைக் கையோடு எடுத்து வா, லாரியில் விடாதே. பெட்டிகளைக் கட்டும்போது சணல் வேண்டாம், நல்ல டேப் வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டு. சாக்குமூட்டையைத் தொடாதே. லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, ஏப்ரல் 24 காலையில் வருவார்கள்.

சைத்ராவிடம் சொல், இங்கே திட்டினாலும் கேட்பதற்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கூட இருப்பவர்களுடைய வீட்டில் எல்லாம் இந்த ஊருக்கு வரமாட்டேன் என்று சண்டை, அழுகை. நீ அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சரி என்றாய். அந்தத் தைரியத்தில்தான் நான் ரயில் ஏறினேன். "எங்க ஊட்டுல அப்படியெல்லாம் இல்லீங்க" என்று இவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ராஜினாமாவைச் சீக்கிரம் கொடுத்துவிடு. இங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது, கணக்கு எல்லா ஊரிலும் ஒரே கணக்குதான்.

அன்புடன்,
மோகன்குமார்


கணபதி
6.4.2025

அன்புள்ள சைத்ரா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மிக்ஸி ஜாருக்குள் கரண்டிகளைப் போட்டேன். ஜார் கீறிவிட்டது. அது இருக்கட்டும்.

நான் எப்போது சரி என்றேன்? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ராஜ்கோட்டுல வேல கெடச்சிருச்சு. மே மாசம் ஊட்டக் காலி பண்ணிக்கலாம்" என்றீர்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டே "சரிங்க" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய் டிவி போட்டீர்கள்.

"சரிங்க" என்பது சம்மதமா? நீங்கள் காங்கேயத்துக்காரர், நான் தொண்டாமுத்தூர்க்காரி, இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். நாளைக்குப் பால் வராதுங்க என்று பால்காரர் சொன்னால் "சரிங்க" என்கிறேன். பால் வரக்கூடாது என்று எனக்கு ஆசையா? உங்கள் பெரியப்பா தவறியபோது ஊரிலிருந்து போன் செய்து, "பெரியவரு போயிட்டாருங்க" என்றார்கள். அதற்கும் "சரிங்க" என்றுதான் சொன்னேன். அவர் போவதற்கு நான் அனுமதி கொடுத்தேன் என்று அர்த்தமா? நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள், என் காதில் விழுந்தது, அதற்குத்தான் அந்த வார்த்தை. அதற்குப் பிறகு நீங்கள் "என்ன அம்மணி நெனைக்கற?" என்று ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று இருந்தேன். அன்று ராத்திரி கேட்கவில்லை. மறுநாள் கேட்கவில்லை. அந்த வாரமே டிக்கெட் போட்டுவிட்டீர்கள்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகப் பழைய பாட்டைப் பாடிவிடுகிறது. நேற்றுகூட, "பேக்கிங் ஆச்சா?" என்றீர்கள், "ஆகுதுங்க" என்றேன். வைத்த பிறகு போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. பேனா பிடித்தால் மட்டும் அப்படி வருவதில்லை.

கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். என் வேலை எல்லா ஊரிலும் இல்லை.

கோபமாக எழுதிவிட்டேன். திரும்ப எழுத நேரமில்லை, கட்ட வேண்டிய பெட்டி கிடக்கிறது.

இப்படிக்கு,
லோகு


ராஜ்கோட்
12.4.2025

லோகு,

உன் கடிதத்தை ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். இந்த வெயிலில் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தவனுக்கு அது தேவைதான்.

பன்னிரண்டு வருஷம் உன்னோடு இருந்தவன், உன்னுடைய "சரிங்க"வுக்கு இனிமேல்தான் அகராதி வாங்க வேண்டுமா? முகத்தைச் சுளித்தாவது காட்டியிருக்கலாம். தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்திருக்கலாம். எல்லா நாளும் போல அன்றைக்கும் வைத்துவிட்டு, இப்போது நான் கேட்கவில்லை என்கிறாய்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், கேள். வந்த முதல் வாரம் முதலாளி கூப்பிட்டு உட்காரவைத்து இந்தியில் பேசிக்கொண்டே போனார். என் இந்தி உனக்குத் தெரியும். பாதி புரிந்தது. பெரிய மனிதர் பேசும்போது மரம் மாதிரி உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று, அவர் மூச்சு விடும்போதெல்லாம் "ஹாஞ்ஜி, ஹாஞ்ஜி" என்று தலையாட்டிவைத்தேன். மறுநாள் ஆர்டர் கையில் வந்தது. மூன்று வருஷம், குடும்பத்தோடு குவார்ட்டர்ஸ். நான் ஒரு வருஷம் பார்க்கலாம் என்றுதான் வந்தேன். அவரிடம் போய், "அய்யா, அது சம்மதமில்லீங்க, எங்க ஊரு மரியாதைங்க" என்று சொல்ல முடியுமா? சிரிப்பார்கள். வாயால் சொன்னதற்கு மனிதன் கட்டுப்பட வேண்டும். நான் கட்டுப்பட்டிருக்கிறேன். நீயும் கட்டுப்படு.

நான் வேலை பார்த்த பவுண்டரியை மூடிய பிறகு நான் பைலைத் தூக்கிக்கொண்டு சிட்கோ தொழிற்பேட்டை முழுக்க ஏறி இறங்கியது உனக்கு மறந்துபோயிருக்காது. நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "சொல்லி அனுப்பறோமுங்கண்ணா" என்றார்கள். ஒருவனும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே நான் வார்ப்பு மோல்டைத் தட்டிப் பார்த்து வேண்டாம் என்றால் அந்த மோல்டை உடைக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்கு இது வேண்டும் லோகு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேண்டும்.

24ஆம் தேதி லாரி வரும். அதற்குள் ராஜினாமாவைக் கொடுத்துவிடு.

மோகன்குமார்


கணபதி
18.4.2025

அன்புள்ள சைத்ரா அப்பாவுக்கு,

புத்தாண்டுக்கு வாழ்த்துச் சொன்னீர்கள், நானும் சொன்னேன், சைத்ரா பாட்டுப் பாடிக் காட்டினாள். போனில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று வருஷம் என்று எனக்கு உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். இத்தனை நாள் ஒரு வருஷம் என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ராஜினாமாவை எழுதிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் கேள்வித்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். "அங்க வச்சிட்டுப் போங்க டீச்சர்" என்றார், தலை நிமிராமல். மேஜை வரைக்கும் கை போனது. வைக்க முடியவில்லை. "நாளைக்குத் தர்றேங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். கண்ணில் தூசி என்றேன். எந்த டீச்சரும் அதைத்தான் சொல்வார் என்று அவர்களுக்கும் தெரியும்.

உங்கள் வேலையின் மரியாதை எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் ஒரு மேஜை இருக்கிறது என்பதுதான் உங்களுக்குப் புரியவில்லை.

லாரி வரட்டும். உங்கள் சாமான்களைத் தனியாகக் கட்டிவிட்டேன். துணிமணி, புத்தகம், டூல் பெட்டி, நீங்கள் தொடாதே என்ற சாக்குமூட்டை. ஒவ்வொன்றின் மேலும் நீலச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். அதை மட்டும் ஏற்றச் சொல்கிறேன். நீங்கள் பிழைப்பதற்கு அது போதும். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

இப்படிக்கு,
லோகு


கணபதி
27.4.2025

அன்புள்ள சைத்ரா அப்பாவுக்கு,

"லாரி கிளம்பிவிட்டது" என்று நான் வாட்ஸ்அப்பில் போட்டதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். நடந்தது என்ன என்று இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், இல்லாவிட்டால் சந்தோஷப்படுவீர்கள். இரண்டையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

வியாழக்கிழமை காலை லாரி வந்தது. எனக்குப் பள்ளியில் தேர்வு மேற்பார்வை, போயே ஆக வேண்டும். அவர்களுடைய சூப்பர்வைசரிடம் நீலக் கோடு போட்ட பெட்டிகளைக் காட்டி, "இது மட்டும் ஏத்துங்க" என்றேன். அந்த ஆள் சென்னைப் பக்கம். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேடம், வண்டியில இடம் நிறைய இருக்கு. ரெண்டு ட்ரிப் எதுக்கு? எல்லாத்தையும் ஒரே தடவையா ஏத்திடறோம்" என்றார். மணி ஆகிக்கொண்டிருந்தது, சைத்ராவின் ரிப்பனைக் காணவில்லை, ஒரு கால் செருப்பில், ஒரு கால் வாசலில். என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆமாம். அதையேதான் சொன்னேன். அந்த ஆள் ஏதோ சொல்கிறார், என் காதில் விழுந்தது, அந்த அர்த்தத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு ஓடிப் பஸ் பிடித்தேன்.

மதியம் வந்து கதவைத் திறந்தால் வீடு காலி. கட்டில் இல்லை, பீரோ இல்லை, கிரைண்டர், பிரிட்ஜ், சைத்ரா படிக்கிற மேஜை, சமையலறையில் உப்பு ஜாடிகூட இல்லை. செருப்பு ஸ்டாண்டைக்கூட விடவில்லை. பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியும், நான் கட்டியிருந்த புடவையும், கையோடு எடுத்து வா என்று நீங்கள் சொன்ன சாமிப் படங்களும்தான் மிச்சம். படங்களைச் சுவரிலிருந்து கழற்றினால் பாவம் என்று அவர்களே விட்டுவிட்டார்களாம். சாஜிதா அக்காவிடம் ஓடினேன். "நீங்க வேலய உட்டுப்போட்டுக் கெளம்பறீங்கன்னுல்ல நெனச்சேன். அழுதுபோட்டு உள்ளார உக்காந்திருந்தனுங் டீச்சர்" என்றார். எட்டிப் பார்க்கவில்லையாம், பார்த்தால் தாங்காது என்று.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கத்தினேன். எனக்கே தெரியாத குரல் வந்தது. அவர் பொறுமையாக, "மேடம், நீங்கதானே சரின்னு சொன்னீங்க?" என்றார். உங்கள் கடிதத்தை வாய்விட்டுப் படித்தது போல இருந்தது. வேறு ஊர்ச் சாமான்களும் மேலே ஏற்றிவிட்டார்களாம், இனி திருப்ப முடியாதாம்.

சைத்ராவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கூடத்துக்கும் அறைக்கும் ஓடி ஓடிக் கத்துகிறாள், சுவர் திருப்பிக் கத்துகிறது. நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பாலகோபால் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, "பாருங்க, எப்படிப் பளிச்சுனு காலி பண்ணிட்டாங்க" என்றார். அந்த அம்மாள் அளவு நாடா கொண்டுவந்திருந்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது. எழுந்து நின்று, "நான் ஊட்டக் காலி பண்ணலீங்க. போங்க" என்றேன். பாலகோபால் என்னைப் பார்த்தார், காலி வீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "டீச்சர், வெயிலுங்களா?" என்று கேட்டார். "வெயில் இல்லீங்க. காலி பண்ணல" என்று இன்னொரு தரம் சொன்னேன். போய்விட்டார்கள். எப்படியோ சொல்லிவிட்டேன்.

லாரியில் இருப்பது எதுவும் நான் அனுப்பியது இல்லை. தெரிந்துகொள்ளுங்கள். பெட்டிகளைப் பிரிக்காதீர்கள்.

லோகு


ராஜ்கோட்
4.5.2025

அன்பு லோகு,

"பிரிக்காதீர்கள்" என்ற உன் கடிதம் நேற்று வந்தது. லாரி மே ஒன்றாம் தேதியே வந்துவிட்டது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மே தினம், கம்பெனி லீவு. லாரிக் கதவைத் திறந்ததும் நம் பீரோ தெரிந்தது. உன் கடைசிக் கடிதத்தில் என் பெட்டிகள் மட்டும் வரும் என்று எழுதியிருந்தாய். பீரோவைப் பார்த்ததும், லோகு மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். அண்ணி எப்போது வருகிறார் என்று கேட்டார்கள், இந்த வாரம் என்று சொன்னேன். காற்று வரும் என்று கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டேன். சைத்ராவின் மேஜையை வெளிச்சம் பார்த்துப் போட்டேன். பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா எல்லாவற்றையும் நீ வைக்கிற வரிசையில் அடுக்கப் பார்த்தேன், வரிசை ஞாபகம் வரவில்லை. ராத்திரி அரிசிம்பருப்புச் சாதம் வைத்தேன். குழைந்து கூழாகிவிட்டது. நின்றுகொண்டே சட்டியோடு சாப்பிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

நேற்று உன் கடிதம். முதலில் சிரித்தேன், பொய் சொல்லமாட்டேன். செருப்பு ஸ்டாண்டு வரைக்கும் வந்திருக்கிறது, அதில் செருப்பு விடுகிற மனுஷி வரவில்லை. பிறகு கோபம் வந்தது. உன் மேலா, லாரிக்காரன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று இருக்கிறது. பால்கனிக் கதவைச் சாத்திவைத்திருக்கிறேன்.

வீடு நிறைய சாமான் இருக்கிறது, அதற்குள் நான் ஒருத்தன். எத்தனை பெட்டியைப் பிரித்தாலும் நீலக் கோடு போட்டது கொஞ்சம்தான். ஓரமாக வைத்துப் பார்த்தேன், ஒரு மூலைக்குள் அடங்கிவிட்டது. மீதி எல்லாம் உன்னுடையது, சைத்ராவுடையது. இத்தனையையும் ஒரு வார்த்தையில் கிளப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று நான் கை கழுவிக்கொண்டே நினைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் போய்ப் பேசினேன். இந்தி தெரிந்த நம் ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வருஷம் குடும்பத்தோடு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னும் கேட்கலையா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதனால் கேட்கிறேன். லோகு, நீயும் சைத்ராவும் ராஜ்கோட்டுக்குக் குடி வருகிறீர்களா? உனக்கு விருப்பமா, இல்லையா? எழுதிச் சொல். போனில் கேட்டால் என்ன வரும் என்று இருவருக்கும் தெரியும்.

எதையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் எழுது. இந்தத் தடவை நானே கட்டுகிறேன்.

உன்,
மோகன்


கணபதி
10.5.2025

அன்புள்ள உங்களுக்கு,

கேட்டதற்கு நன்றி. நான் வரமாட்டேன்.

இந்த ஒரு வரிக்கு மூன்று தாள் கிழித்துவிட்டேன். முதல் தாளில், "வரலாமென்றுதான் இருந்தேன், ஆனால்" என்று ஆரம்பித்தேன். பொய். இரண்டாவதில், "சைத்ரா படிப்பை முன்னிட்டு" என்று எழுதினேன். அதுவும் பொய், அவள் எங்கே போனாலும் இரண்டு நாளில் கூட்டம் சேர்த்துவிடுவாள். வராதது நான்தான். எனக்கு என் வேலை வேண்டும். உங்களுக்கு வேண்டும் என்று வெட்கமில்லாமல் எழுதினீர்களே, நானும் அப்படியே எழுதுகிறேன். ராஜினாமாக் கவரைச் சிஸ்டர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். "அப்பாடா, இன்னொரு கணக்கு டீச்சருக்கு நான் எங்க போறது" என்று அவர் பெருமூச்சு விட்டார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மீதும் கோபம் வந்தது.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்றும் சொல்லமாட்டேன். சிட்கோவில் அலைந்துவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அந்த மனிதரை மறுபடியும் வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் அங்கே மோல்டைத் தட்டுங்கள், நான் இங்கே கரும்பலகையைத் தட்டுகிறேன். இது நல்ல ஏற்பாடு என்று சொல்லவில்லை. எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. காலி வீட்டில் ராத்திரி படுத்தால் உங்கள் குறட்டைச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

சாஜிதா அக்கா கொடுத்த பாயும் ஒரு குக்கரும் நாலு தட்டும் வைத்துக் குடித்தனம் நடக்கிறது. கொடியில் காய்ந்த இரண்டு புடவையை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போனேன். டீச்சர்கள் யாரும் கேட்கவில்லை, அவ்வளவு நல்லவர்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

என் புடவைகளையும் சைத்ராவின் துணிகளையும் முதலில் அனுப்புங்கள். பிறகு பீரோ, பிரிட்ஜ், அவளுடைய மேஜை, கிரைண்டர். கிரைண்டர் கல்லைக் கழற்றுவது உங்களுக்குத் தெரியும், எனக்கு எழுதினீர்கள். சமையல் டப்பாக்களில் பாதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தண்ணீரைக் குறையுங்கள், பருப்பு முதலில் பாதி வேகட்டும், அதற்குப் பிறகு அரிசி. மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள்.

கட்டிலை அனுப்ப வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். இங்கே எங்கள் இருவருக்கும் பாய் போதும்.

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டேன், வெயிட்டிங்கில் இருக்கிறது, கிடைத்துவிடும் என்கிறார்கள். நானும் சைத்ராவும் வருகிறோம். குடிவர இல்லை, பள்ளி திறக்கும் முன்னால் திரும்பிவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் அப்படியே சொல்லுங்கள், மறைக்க ஒன்றும் இல்லை. தீபாவளிக்கு நீங்கள் இங்கே வாருங்கள்.

கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருப்பதாக எழுதினீர்கள். விடியற்காலை வெயில் நேராக என் முகத்தில் அடிக்கும். நான் வருவதற்குள் சுவர் ஓரமாக நகர்த்திப் போடுங்கள்.

உங்கள்,
லோகு